வீட்டுக்கு எத்தனை அங்குல அடுப்பு?

நம் பற்களைப் பிடுங்கினாலும் நம் பாசத்தைப் பிடுங்காமல் இந்த அவைக்குத் தலைமை தாங்கும் பல் மருத்துவர் அய்யா அவர்களே! மூட்டுவலியை வீட்டில் காவலுக்கு வைத்துவிட்டு முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அடுப்பைப் பற்றியே கேட்க வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! கைபேசியை மடியில் ஒளித்துக்கொண்டு என்னையே பார்ப்பதுபோல் நடிக்கும் இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும், இந்தத் தெருமுனைத் தையற்காரியின் தலை தாழ்ந்த வணக்கம்!

நம் தெருச் சங்கம் இன்று ஒரு பெரும் பணியைத் தோளில் ஏற்றிருக்கிறது. வீடுதோறும் கரி அடுப்பு! மூன்று கால், உருண்ட வயிறு, கவிழ்த்த கிண்ணம் போல் ஒரு மூடி, நடுவே கம்பி வலை. பார்பிக்யூ அடுப்பு என்று கடையில் சொல்வார்கள். பதினான்கு அங்குலம், பதினெட்டு, இருபத்திரண்டு, இருபத்தாறு என்று நான்கு அளவு. கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் அவரவர் அளவைச் சொல்லவேண்டும். நாளைக்கே கடைக்குச் சொல்லிவிடுவார்கள்.

நுழைவாயிலில் என் காதில் என்ன விழுந்தது தெரியுமா? "எதிர்வீட்டுல இருபத்தாறாம். அப்ப நமக்கும் இருபத்தாறே சொல்லிடுங்க!" அடடா! எதிர்வீட்டுக்காரர் இடுப்பளவில் உங்களுக்குக் கால்சட்டை தைத்துக் கொடுத்தால் போட்டுக்கொண்டு வீதியில் நடப்பீர்களா? ஒரு கையால் பிடித்துக்கொண்டே அல்லவா நடக்கவேண்டும்! சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்ததும் என் அண்ணன் கதையைக் கேளுங்கள்.

என் அண்ணன் தனியார் பேருந்து ஓட்டுநர். கடைசி இருக்கை நிரம்பாமல் வண்டியைக் கிளப்பிய வரலாறே அவனுக்குக் கிடையாது. காலி இடத்தைக் கண்டால் அவனுக்குக் கை அரிக்கும். அண்ணி இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவர். இருவரும் முதல் கல்யாணத்தில் அடிபட்டு, நடுவயதில் மறுபடி துணிந்து கைகோத்தவர்கள். அண்ணி தன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஒன்பதாம் வகுப்புப் பெண்.

அந்தப் பெண் என் அண்ணனிடம் மரியாதையாக நடந்துகொண்டாள். அதுதான் அய்யா கொடுமை! சண்டை போட்டால் சமாதானம் ஆகலாம், கோபித்துக்கொண்டால் கெஞ்சலாம், மரியாதைக்கு என்ன மருந்து? சாப்பாட்டைத் தன் அறைக்கு எடுத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். வீட்டில் யார் யார் என்று எவராவது கேட்டால், "நானும் அம்மாவும்" என்பாள். அண்ணன் பக்கத்திலேயே நிற்பான். சிரித்த முகத்தோடு நிற்பான்.

அந்தப் பிள்ளை ஒரே ஒரு நாள் தன்னோடு உட்கார்ந்து சாப்பிடவேண்டும். அவன் கேட்டது அவ்வளவுதான். சுட்ட சோளமும் சுட்ட கோழியும் என்றால் அவளுக்கு உயிர் என்று அண்ணி சொல்லப்போக, அன்று மாலையே பேருந்தின் மேல்கூரையில் வந்து இறங்கியது அடுப்பு. எத்தனை அங்குலம்? நீங்களே சொல்லுங்கள்... அதேதான், இருபத்தாறு! பின்வாசலில் வைத்தால் துணி காயப்போட இடமில்லை. மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டலாம்!

அதில் மூன்று கோழித்தொடை, மூன்று சோளம். கரி எவ்வளவு போட்டான்? மூட்டை முழுவதும்! "என்னடா இது, கல்யாணச் சமையலா?" என்றேன். "சுத்தி காலியா கெடக்குதே, பார்க்க சகிக்கலடி" என்றான். வண்டி ஓட்டுகிற புத்தி! கனல் தகித்தது, கம்பி சிவந்தது, கோழி வெளியே கரியானது, உள்ளே பச்சையாகவே இருந்தது. அந்தப் பெண் அறைக்குள் ரொட்டி சாப்பிட்டாள்.

அடுத்த முறை என்ன செய்தான்? அடுப்பைச் சுருக்க முடியாது, ஆளைப் பெருக்கலாம் என்று முடிவெடுத்தான். பணிமனையில் இருந்த ஓட்டுநர், நடத்துநர், சக்கரம் மாட்டுகிறவர் எல்லோரையும் அழைத்துவிட்டான். அடுப்பு நிரம்பியது, வீடு நிரம்பியது, பாட்டும் கூத்தும் தெருவரை நிரம்பின. அந்தப் பெண் கதவுக்கு உள்தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுபடி மூன்று பேருக்குச் சமையல், மறுபடி மலை போல் கரி. புகை கிளம்பிக் கொடியில் கிடந்த பள்ளிச் சீருடையைச் சூழ்ந்தது. அவள் ஓடி வந்தாள். சமையலறை ஜன்னலில் நானும் அண்ணியும் எட்டிப் பார்த்தோம். சீருடையைக் கொடியிலிருந்து உருவிக்கொண்டே கேட்டாள்:

"இவ்ளோ பெருசு எதுக்கு? யாரு வரப்போறாங்க?"

அண்ணன் இடுக்கியைக் கையில் பிடித்தபடி நின்றான். "நீ வருவேன்னுதாம்மா."

"நான் ஒரு ஆள்தானே?"

"பெருசா இருந்தா வருவேன்னு நெனச்சேம்மா. வேற எப்படிக் கூப்பிடுறதுன்னு எனக்குத் தெரியல."

அவள் சீருடையைத் தோளில் போட்டுக்கொண்டாள். "எனக்குக் கூட்டம் பிடிக்காது. சின்னதா வாங்கலாம்ல?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். போனவள் அன்றைக்குக் கதவைச் சாத்தவில்லை. அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் மட்டும் என்ன, கல்லா?

பெரிய அடுப்பு பணிமனை உணவகத்துக்குப் போனது. அங்கே முப்பது வயிறு. அதற்கு அதுதான் சரியான அளவு! பெரியதைப் பழிக்க நான் வரவில்லை தாய்மார்களே, பொருந்தாததைப் பழிக்கத்தான் வந்தேன். மறுநாள் அண்ணன் என்னை அழைத்தான்: "டேப்பை எடுத்துக்கிட்டு வா, கடைக்குப் போறோம்." அந்தப் பெண்ணும் வந்தாள்.

கடைக்காரர் பதினான்கு அங்குலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். கைக்கு அடக்கம், கண்ணுக்கு அழகு. அண்ணன், சின்னது கேட்டாளே என்று அதற்கே தலையாட்டிவிட்டான். நான் விடுவேனா? அளவு நாடாவை வைத்தேன். கரியை ஒரு பக்கம் ஒதுக்கி, கோழியை மறுபக்கம் வைத்து மூடினால்தான் கருகாமல் வேகும். அப்படியென்றால் உணவுக்குக் கிடைப்பது பாதி இடம்தானே? பதினான்கில் பாதியில் ஒரு முழுக்கோழி உட்காருமா? மூடிதான் மூடுமா? துணியில்கூட மடித்துத் தைக்க ஓரம் விடுகிறோமே, அடுப்புக்கு விடவேண்டாமா? என்ன, பின்வரிசையில் யார்? ஒரே ஆளாக இருந்தால் என்ன செய்வது என்கிறீர்களா? உங்களுக்குப் பதினான்கு போதும் தம்பி. கல்யாணம் ஆனதும் வந்து என்னைப் பாருங்கள்!

கடைக்காரருக்கு என் கணக்கு அலுத்துவிட்டது. "அதெல்லாம் இருக்கட்டும். வீட்ல எத்தனை பேரு? அதைச் சொல்லுங்க" என்றார்.

என் அண்ணன் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தான். எங்கே அவள் "நானும் அம்மாவும்" என்ற வழக்கமான விடையைச் சொல்லிவிடுவாளோ என்று நான் பயந்தேன். அவள் பதினெட்டு அங்குல அடுப்பின் மூடியைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள்:

"மூணு பேரு."

மூன்று பேர்! அய்யா, எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பேச்சுகளைக் கேட்டிருக்கிறேன். அந்த இரண்டு சொல்லுக்கு ஈடான பேச்சை நான் கேட்டதில்லை! ஊரையே ஏற்றி ஓட்டுகிற என் அண்ணன், கரி மூட்டையின் விலையைப் படிப்பதுபோல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அன்று மாலை அந்தப் பதினெட்டு அங்குலத்தைச் சுற்றி மூவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவன் சோளத்தை எடுத்துக் கொடுத்தான். "இன்னும் கொஞ்சம் சுடணும்" என்று அவள் திருப்பிக் கொடுத்தாள். மரியாதை போயிற்று, மகள் வந்தாள்!

ஆகவே என் அருமைத் தெருவாசிகளே! செயலாளர் உங்களுக்காகக் காத்திருக்கிறார். எதிர்வீட்டைப் பார்த்து அளவு சொல்வீர்களா? என்றோ வரப்போகும் விருந்தாளியை எண்ணி அளவு சொல்வீர்களா? வேண்டாம்! இன்றிரவு உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது யார்? அவர்களை எண்ணுங்கள்! இருவரோ மூவரோ என்றால் பதினெட்டு, நாலைந்து பேர் என்றால் இருபத்திரண்டு, அதற்கும் மேலென்றால் இருபத்தாறு. தாராளமாக வாங்குங்கள், கூச்சமே வேண்டாம்! ஆனால் எண்ணும் வேலையை நீங்கள் செய்யாதீர்கள். உங்கள் வீட்டில் எவர் குறைவாகப் பேசுகிறாரோ, எவர் தட்டோடு அறைக்குள் போய்விடுகிறாரோ, அவரிடம் கேளுங்கள். "நம்ம வீட்ல எத்தனை பேரு?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் எண்ணிக்கையில் நீங்களும் இருந்தால், அன்றைக்கே அடுப்பைப் பற்றவையுங்கள்!

இத்தனை நேரம் பசியோடும் பொறுமையோடும் செவி கொடுத்த உங்களுக்கும், மணியை அடிக்க எடுத்த கையை எனக்காகக் கீழே வைத்த தலைவர் அய்யாவுக்கும் நெஞ்சார்ந்த நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்!