இன்றைக்குக் கூட்டம் செல்லும்

சபைத் தலைவர் ராவ் பகதூர் வேம்பு ஐயர் அவர்களே! ஜனாப் கரீமுல்லா சாகிப் அவர்களே! கமிட்டி அங்கத்தினர்களே! மயிலாப்பூர்ப் பெரியோர்களே, தாய்மார்களே! பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் இந்த இல்லத்துக் குழந்தைகளே! வணக்கம்.

நான் ராஜகோபாலன். சாக்கடைக் குழாய் போடும் இஞ்சினீர். இந்தச் சிறுமியர் இல்லத்தை நடத்தும் உங்கள் பாலிகா ரட்சண சபையின் காரியதரிசி சுலோச்சனாவின் கணவன். நேற்றுத்தான் காரியங்கள் முடிந்தன. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வருகிறபோது வரட்டும்.

எனக்கு முன் பேசியவர்கள் அவளைத் தியாகி என்றார்கள். ஐயா, அவள் சாக விரும்பவில்லை. ஒரு குழாய் வேண்டும் என்றாள். அவ்வளவுதான்!

இதோ, இந்த முற்றத்துக் கிணறு. இதன் தண்ணீரில் ஏதோ வாடை என்று அவள் சொன்னாள். இங்குள்ள கழிவுக் குழியில் பச்சைச் சாயம் கரைத்து ஊற்றினேன். மறுநாள் காலை கிணற்றில் இறைத்த வாளியில் அதே பச்சை! இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கிணற்றை மூடிவிட்டு கார்ப்பரேஷன் குழாய் வாங்க வேண்டும். அதற்குக் கமிட்டியின் தீர்மானம் வேண்டும். சபையில் பணம் இல்லையா? இருந்தது. ஆள்தான் இல்லை.

ஐந்து பேராவது வந்து உட்கார்ந்தால்தான் கூட்டம் செல்லும். அதைக் கோரம் என்கிறோம். கூட்டத்துக்கு அழைத்தாள். நாற்காலிகளைத் துடைத்துப் போட்டுக் காத்திருந்தாள். தலைவர் வீட்டு ஜட்கா வந்தது. வண்டியில் தலைவர் இல்லை. வண்டிக்காரன் கபாலி மட்டும் இறங்கினான்.

"அய்யா பாட்டுக் கச்சேரிக்குப் போய்க்கிறாரும்மா. அல்லாரும் இன்னா முடிவு பண்ணாலும் அவருக்குச் சம்மதமாம்."

கரீமுல்லா சாகிப் அவர்கள் வீட்டிலிருந்தும் ஆள் வந்தது. அவருக்கும் சம்மதம். வக்கீல் சுப்புராயன் அவர்களுக்கும் சம்மதம். வராத ஒவ்வொருவருக்கும் சம்மதம்!

சுலோச்சனா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "பாத்தேளா? எல்லாரும் சம்மதிச்சுட்டா. எதுக்குன்னு தீர்மானம் பண்ணத்தான் ஆளில்லே."

கபாலி காலி நாற்காலிகளைப் பார்த்தான். "நான் வோணா குந்திக்கினு கை தூக்கட்டாம்மா?"

அடுத்த கூட்டமும் அப்படியே. அதற்கடுத்த கூட்டத்தன்று யாரோ ஒருவர் வீட்டில் பூணூல் கல்யாணம். அந்த அழைப்புப் பத்திரிகையில், அழைப்பவர்களாகப் போட்டிருந்த உங்கள் பெயர்களுக்குக் கீழே என்ன அச்சிட்டிருந்தது? "பாலிகா ரட்சண சபை அங்கத்தினர்" என்று! அங்கம் என்றால் என்ன ஐயா? கை ஒரு அங்கம், கால் ஒரு அங்கம். வேலை செய்யாத கையைச் சட்டைக்கு அழகு என்றா வைத்துக்கொள்கிறோம்?

தீர்மானம் ஆகாத அத்தனை நாளும் அவள் என்ன செய்தாள்? அண்டா அண்டாவாகத் தண்ணீர் காய்ச்சினாள். கண்ணெல்லாம் புகை. "நீ ஏன் இதைச் செய்யறே?" என்று சண்டை போட்டேன். "நான் கமிட்டியில இருக்கேனோல்லியோ" என்றாள். அங்கத்தினர் கடமை பற்றி நான் கேட்ட பிரசங்கம் அது ஒன்றுதான்.

இந்த இல்லத்தில் வளரும் நொச்சிக்குப்பத்துப் பெண் அலமேலு, விளையாடிய தாகத்தில் கிணற்று வாளியிலிருந்து அப்படியே குடித்துவிட்டாள். விஷ ஜுரம். பக்கத்திலிருந்து துடைத்து, ஊட்டி, பிழைக்க வைத்தவள் சுலோச்சனா. அலமேலு பின்வரிசையில் இருக்கிறாள். சுலோச்சனா இல்லை. அந்த ஜுரம் இவளையும் பிடித்தது. நினைவு தப்புவதற்கு முன் என்னிடம் கடைசியாக அவள் கேட்டது என்ன தெரியுமா? "ஏன்னா, இன்னிக்காவது கோரம் இருந்துதா?"

கிணறு கெட்டது தெரியாது என்று யாராவது சொல்வீர்களா? மேஜையைப் பாருங்கள்! உங்கள் எதிரே சோடா பாட்டில்கள். கைக்கெட்டும் தூரத்தில் கிணறு இருக்க, கடையிலிருந்து சோடா ஏன் வந்தது? உங்கள் தொண்டைக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் கைக்கு மட்டும் தெரியவில்லை!

அவளுடைய படத்தை எழுதி இந்தக் கூடத்தில் மாட்டப்போவதாகத் தலைவர் அறிவித்தார். வேண்டாம். படம் தண்ணீர் குடிக்காது. குழந்தைகள் குடிக்கும்.

இனி எல்லோரும் எழுந்து மௌனமாக நிற்க வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. உங்கள் மௌனத்தை அவள் உயிரோடு இருந்தபோதே நிறையப் பார்த்துவிட்டாள். நிற்காதீர்கள். உட்காருங்கள்! இந்தச் சபை ஏற்பட்ட நாள் முதல் கமிட்டி முழுவதும் இந்தக் கூடத்தில் கூடியது இன்றைக்குத்தான். அதற்கு அவள் சாக வேண்டியிருந்தது. கோரம் இருக்கிறது. கூட்டம் செல்லும்.

அவள் விட்ட வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். குழாயை நானே நின்று போடுவேன். குழந்தைகள் அதில் குடிக்கும்வரை இந்த வாசலை விட்டுப் போகமாட்டேன். அவள் எழுதிய தீர்மானத்தை இப்போது வாசிக்கிறேன்: "கிணற்றை மூடி, குழாய் வாங்குவது."

சம்மதம் என்று யாரும் ஆள் அனுப்ப வேண்டாம். கையைத் தூக்குங்கள். தூக்க முடியாதவர்கள் எழுந்து நாற்காலியைக் கொடுங்கள். வாசலில் ஜட்காவோடு கபாலி நிற்கிறான். அவன் அன்றைக்கே கேட்டான்.