எல்.கே.ஜி.யில் அப்பா ஃபெயில்

தேன்மொழி, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாருக்கும் காட்டாதே. நாளைக்குப் பேச்சுப் போட்டியில் நான் பேசப்போவது இதைத்தான். அப்பா வெட்கப்பட்டு வெளியே யாரிடமும் சொல்லாத கதை. தெரிந்தால் என்னை மேடை ஏறவே விடமாட்டார். பிழை இருந்தால் திருத்தி, காலையில் பஸ்ஸில் கொடு.

அவையோரே! ஒரு குட்டிக் கதை இருக்கிறது... கொஞ்சம் காது கொடுங்கள், போதும்.

ஓர் ஊரில் ஒரு கார் டிரைவர். பெயர் சௌந்தரபாண்டி. அவருக்கு நாலு வயதில் ஒரு மகள். பெரிய பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. சீட் வேண்டும். அதற்கு என்ன வேண்டும்? இன்டர்வியூ! யாருக்கு? பிள்ளைக்கா? இல்லை... அப்பா அம்மாவுக்கு!

முதலாளியின் காரைக் கேட்டு வாங்கி, இஸ்திரி போட்ட சட்டையோடு போனார். கேட்டில் வாட்ச்மேன் கேட்டார்: "டிரைவரா?"

நம்ம ஆள் என்ன சொல்லியிருக்க வேண்டும்? பதினைந்து வருடப் பழக்கம்... "ஆமாண்ணே!" என்றுவிட்டார்.

"டிரைவருங்க எல்லாம் சைக்கிள் ஷெட் பக்கம் நில்லுங்க. அம்மா, பாப்பா, நீங்க உள்ள போங்க."

போய் நின்றார்! மற்ற டிரைவர்களோடு டயர் விலை பேசிக்கொண்டு நின்றார்!

உள்ளே மேடம், "ஃபாதர் எங்கே?" என்றார். அம்மா வெளியே ஓடிவந்தார்.

"ஏங்க, இங்க என்ன பண்றீங்க?"

"டிரைவரை இங்கதானே நிக்கச் சொன்னாங்க, ஈஸ்வரி?"

"இன்னிக்கு நீங்க டிரைவர் இல்லங்க... அப்பா!"

மூச்சிரைக்க உள்ளே ஓடினார்.

"என்ன படிச்சிருக்கீங்க?"

"எட்டாவதுங்க."

"வீட்டுல இங்கிலீஷ் யார் பேசுவா?"

"டி.வி. பேசுங்க, மேடம்."

அந்தப் பிள்ளை ஏ முதல் இசட் வரை மனப்பாடமாக வைத்திருந்தது. அதனிடம் ஒரு கேள்வி? ஒரே ஒரு கேள்வி? கேட்கவில்லை! சீட்டும் இல்லை.

அவர் இன்றைக்கும் சொல்கிறார்: "நான் மட்டும் அன்னிக்கு ஒழுங்கா பதில் சொல்லியிருந்தா உனக்கு சீட் கிடைச்சிருக்கும், பாப்பா."

பெரியோர்களே! அந்தப் பாப்பா நான்தான். அரசுப் பள்ளி, ஒன்பதாம் வகுப்பு. எனக்கு சீட் தராத அந்தப் பள்ளிக்கூடம்... இப்போது பேச்சுப் போட்டிக்கு வந்து நிற்கிறேனே, இதுதான்!

நான் கேட்கிறேன். படிக்கப்போவது நான். பரீட்சை எதற்கு எங்க அப்பாவுக்கு? படித்தவர் பிள்ளைக்குத்தான் சீட் என்றால், படிக்காதவர் பிள்ளை எப்போது படிப்பது? எங்க அப்பா பொய் சொல்லவில்லை. பதிலும் தப்பில்லை. கேள்விதான் தப்பு! அப்பா, உங்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று இத்தனை பேர் முன்னால் சொல்லத்தான் நான்...

தேன்மொழி, கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதா...