புல்லட் வாங்கத் துணிந்த பூவராகவனாருக்கு அஞ்சி அஞ்சி வரைந்த மடல்

நெசவாளர் நல்வழிப் பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் இருபத்தோராண்டுக் காலம் தறி மேற்பார்வையாளராய்ப் பணியாற்றி, 1972ஆம் ஆண்டு ஜூன் திங்கள் முப்பதாம் நாளாகிய இன்று ஓய்வு பெறும் திரு. பூவராகவனார் அவர்களுக்குச் சங்கப் பணியாளர்கள் அனைவரும் கூடிப் படித்தளிக்கும் மடல்.

இழை நோகாமல் இழுத்துப் பார்த்து, நெய்தவர் நெஞ்சு நோகாமல் நெசவின் குறை சொன்ன நேர்மையாளரே!

தெருவோடு போகும்போதே தறியோசை கேட்டு, உள்ளே ஊடை தளர்ந்ததை உரைத்த உயர்செவியரே!

சரிகையின் பளபளப்பில் ஒருநாளும் சறுக்காத சான்றோரே!

ஐம்பத்தெட்டு அகவையில், மூன்று ஆள் எடையுள்ள மோட்டார் வண்டியின் மேல் ஆசை வைத்து, எங்கள் அனைவரையும் அஞ்ச வைத்துக்கொண்டிருக்கும் பெரியவரே! வணக்கம்.

பாராட்டு மடல் என்றால் பாராட்ட வேண்டும். தங்களைப் பாராட்டுவதற்கு எங்களுக்குச் சொல் பஞ்சமில்லை. பதினொரு வயதில் குழித்தறியில் இறங்கி, முப்பத்தேழு வயது வரை அதிலேயே அமர்ந்து, சங்கம் தோன்றிய ஆண்டில் மேற்பார்வையாளராய் மேலேறி வந்தீர்கள். மேலேறி வந்த பிறகும் காலையில் இரண்டு மணி நேரம் சொந்தத் தறியில் நெய்துவிட்டுத்தான் அலுவலகம் வந்தீர்கள். சேலையின் மேல் விரல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டால் போதும், அறுந்த இழை எங்கே என்று தங்கள் விரலே சொல்லும். குறையில்லாத சேலைக்குத் தாங்கள் சொல்லும் சொல் ஒன்றே: "பாஸ்." குறையுள்ள சேலைக்கும் ஒன்றே: "அவுத்துட்டுத் திரும்ப நெய்." துணியைத் தள்ளுபடி செய்து, நெய்தவரைத் தெருவில் நிறுத்தியதாக இந்த இருபத்தோராண்டில் ஒரு பேச்சு இல்லை.

சங்கத்துக்கு நெய்யும் அலமு அம்மாள் வீட்டில் நடந்ததை மறப்போமா! முகூர்த்தச் சேலை, ஒன்றரை முழம் தவறாய் நெய்து, அம்மாள் தறி மேலேயே தலை வைத்து அழுதுகொண்டிருந்தார்கள். தாங்கள் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "அழுவாதம்மா, பட்டு மேல கண்ணீர் பட்டா அது வேற ஒரு குத்தம். நவுரு, நான் ஒக்கார்றேன்" என்று குழிக்குள் இறங்கினீர்கள். ஒன்றரை முழத்தையும் இருவரும் சேர்ந்து அவிழ்த்தீர்கள். மறுநாள் மாலைதான் எழுந்து வந்தீர்கள். அதிகாரி என்று ஒருவரை நாங்கள் மனதாரச் சொன்னது அன்றைக்குத்தான்.

இவ்வளவு புகழ்ந்தபின் அடுத்த பத்தியில் நீடு வாழ்க என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் முறை. அங்கேதான் எங்கள் பேனா நின்றுபோனது. ஒரு பக்கம் நீடு வாழ்க என்று எழுதிக்கொண்டு, மறுபக்கம் தாங்கள் வாங்கப் போகும் வண்டியை நினைத்தால், அந்தச் சொல் பொய்யாகப் பட்டது. பொய் எழுதிச் சட்டம் போட்டு மாட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடியே சொல்கிறோம். சபையோர் பொறுக்க வேண்டும்.

மாகறலில் இருக்கும் தனசேகரன் பட்டாளத்திலிருந்து வந்தவர், தங்கள் பால்ய நண்பர். கண்ணில் புரை விழுந்ததால் தம் புல்லட் வண்டியை விற்கப் போவதாகச் சொன்னார். கேட்ட நாள் முதல் தாங்கள் தாங்களாக இல்லை. வண்டி எதற்கு என்று கேட்டோம். வடநாட்டிலுள்ள சூரத்துக்கு என்றீர்கள். சிரித்தோம். தாங்கள் சிரிக்கவில்லை. "சின்ன வயசுலேர்ந்து சூரத்து சரிகைய இந்தக் கையால தொட்டுக்கினு இருக்கேன். அது எந்த ஊர்லேர்ந்து, எந்த வழியா வருதுன்னு ஒருதரம் பாக்க வேணாவா? ரயில்ல போனா ஊரு பாக்கலாம், வழி பாக்க முடியாது" என்றீர்கள். அன்றிலிருந்து பயம் பிடித்தது.

பயத்துக்குக் காரணம் தங்கள் கால்கள். பெரியவரே, கோபம் வேண்டாம். குழித்தறியில் இரண்டு மிதிகள். ஒரு கால் மிதிக்க மறுகால் எழ வேண்டும். நாற்பத்தேழு ஆண்டு அப்படி மிதித்த கால்கள் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தாலும் ஓய்வதில்லை. மேசைக்கடியில் இடம், வலம், இடம், வலம் என்று மிதித்துக்கொண்டே இருக்கும். அதே மேசையில் தட்டச்சு செய்யும் லில்லி எத்தனை முறை சொல்லியிருக்கிறார், "சார், காலக் கொஞ்சம் கட்டிப் போடுங்க, எழுத்தெல்லாம் ஊஞ்சலாடுது!" என்று. நாங்களும் சேர்ந்து சிரித்ததுண்டு. அது சிரிப்புக்குரியது அல்ல என்பது மூன்று ஞாயிறுக்கு முன் தெரிந்தது.

அன்று காலை தனசேகரன் வண்டியைக் கொண்டுவந்தார். எங்கள் கிடங்கில் மூட்டை தூக்கும் முனிசாமியைத் துணைக்குப் பின்னால் ஏற்றிக்கொண்டீர்கள். அந்த வண்டியில் இடக்காலுக்குப் பிரேக், வலக்காலுக்குக் கியர். தெருக்கோடி வரை அழகாகவே போனீர்கள். திரும்பி வரும்போது எருமை ஒன்று குறுக்கே வந்தது. இடக்காலால் பிரேக்கை மிதித்தீர்கள். மிதித்ததும், யாரும் சொல்லாமலே, வலக்கால் கியரை மிதித்தது. வலக்கால் இறங்கியதும் இடக்கால் பிரேக்கை விட்டு எழுந்துகொண்டது! மீண்டும் இடம், மீண்டும் வலம். வண்டியைத் தறி என்று எண்ணிவிட்டன தங்கள் கால்கள். எருமை பிழைத்து ஓடியது. அதற்கப்பால் தெரு நீளத்துக்குப் பாவு நூல் நீட்டி, அறுந்த இழையை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள் பொன்னியம்மாள்.

முனிசாமி இரண்டு காலையும் தரையில் ஊன்றி இழுத்தார். குதிகால் தோல் உரிந்தது. வண்டி மூச்சடைத்துத் தானே நின்றபோது, முன்சக்கரத்துக்கும் பொன்னியம்மாள் முழங்காலுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. அந்த அம்மாள் கையிலிருந்த இழையை விடாமலே தங்களை நிமிர்ந்து பார்த்துச் சொன்னதைத் தெருவே கேட்டது: "என்னா சார், பாவுல குத்தம் இருந்தா எப்பவும் போலக் கையால புடிச்சுப் பாருங்க. வண்டிய வுட்டு ஏத்தித்தான் பாக்கணுமா?" தெரு சிரித்தது. அதன் பிறகு பொன்னியம்மாள் உட்கார்ந்துவிட்டார்கள். வெகுநேரம் எழவில்லை. தாங்களும் வெளுத்துப்போய் நின்றீர்கள்.

நாங்கள் உழைத்துப் பிழைக்கும் வீடுகளில் பிறந்தவர்கள். உடம்பு உடைந்தால் என்ன ஆகும் என்பது எங்களுக்குக் கண்ணால் கண்டது. கூரம் கிராமத்தில் முனிசாமியின் தகப்பனார் கிணற்று ஏற்றத்திலிருந்து விழுந்தார். சாகவில்லை. பதினான்கு ஆண்டு கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். ஈ உட்கார்ந்தாலும் ஓட்டுவதற்கு ஆளைக் கூப்பிட வேண்டும். சாவைக்கூட நாங்கள் நினைக்கவில்லை, பெரியவரே. அந்தக் கட்டிலைத்தான் நினைக்கிறோம். ஊர் பேர் தெரியாத நெடுஞ்சாலையில், மொழி தெரியாத மனிதர் நடுவில், தங்கள் கால் தறி மிதித்தால் தூக்குவதற்கு யார் இருக்கிறார்கள்?

ஆகவே தங்களுக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்தோம். மன்னிக்க வேண்டும். தங்கள் துணைவியார் நீலாம்பாள் அவர்களிடம் நாலுபேர் போய், தாங்கள் வண்டி வாங்காதபடி தடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். அந்த அம்மையார் முறத்தில் அரிசி புடைத்தபடியே கேட்டார்கள். முடிவில் சொன்னார்கள்: "நான் வேணாம்னா கேட்டுக்குவாருப்பா. அதான் எனக்கு பயம். முப்பத்தாறு வருஷமா நான் சொன்னதுக்கெல்லாம் சரின்னாரு. இதுக்கும் சரின்னுட்டு மூலையில ஒக்காந்துட்டாருன்னா, நாளெல்லாம் அந்த மூஞ்சிய நான் இல்ல பாக்கணும்?" பயமில்லையா அம்மா என்றோம். "ராத்திரி தூக்கம் இல்ல. அத அவருகிட்ட சொல்லிடாதீங்க" என்றார்கள். இப்போது சபையில் சொல்லிவிட்டோம். தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

அவர்கள் தடுக்க மாட்டார்கள் என்றானதும் இந்த மடலையே தடையாக எழுதினோம். முதல் படியை லில்லி தட்டச்சு செய்து முடித்துவிட்டு, "அண்ணே, பாராட்டு மடல்னு சொல்லிட்டுக் காரியப் பத்திரிகை எழுதிக்கினு இருக்கீங்களே! எல்லாத்தையும் சொன்னீங்க, கடைசியில எந்தத் தேதியில பதினாறாம் நாள்னுதான் போடல" என்றார். வெட்கமாகிவிட்டது. அந்தப் படியைக் கிழித்தோம்.

இதற்கிடையில் முனிசாமி எங்களுக்கும் சொல்லாமல் தினமும் விடியற்காலை தங்களோடு வேகவதி ஆற்றங்கரை மணல்வெளிக்கு வந்திருக்கிறார். ஏன் போனாய் என்று கேட்டோம். "வுழுந்தா தூக்க ஆள் வேணுமில்ல?" என்றார். தனசேகரன் திடுமெனத் துண்டை வீசிக் குறுக்கே பாய, தாங்கள் வண்டியை நிறுத்திப் பழகினீர்களாம். முதல் நாள் இருபது தரத்தில் பன்னிரண்டு தரம் கால் தறி மிதித்தது. பிறகு ஏழு, பிறகு நாலு. நேற்றுக் காலை ஒன்றே ஒன்று. இருபதில் ஒரு தவறு.

வண்டியை நிறுத்திவிட்டு மணலில் உட்கார்ந்தீர்கள். தனசேகரன், "என்னப்பா, வாங்கறியா, வேணாமா? ஒண்ணாந்தேதி ராணிப்பேட்டைக்காரன் ஒருத்தன் வர்றான், நான் அவனுக்கு வாக்கு சொல்லணும்" என்று அவசரப்படுத்தினார். தாங்கள் முனிசாமியைப் பார்த்துக் கேட்டீர்கள்: "முனிசாமி, நீ சொல்லு. இத பாஸ் பண்ணலாமா?"

எத்தனையோ பேருக்குத் தாங்கள் சொன்ன சொல்லைத் தங்களுக்குச் சொல்லும்படி ஒரு சுமைதூக்கியிடம் கேட்டீர்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் அவர் மூன்று வாரமாய்க் காத்திருந்தார். "பாஸ் இல்ல சார்" என்றார். தாங்கள் தலையாட்டினீர்கள். அப்படியே விட்டிருந்தால் எங்கள் அச்சமெல்லாம் அங்கேயே தீர்ந்திருக்கும். ஆனால் அந்த மனிதருக்குப் பொய் வராது. இருபத்தோராண்டு தங்கள் வாயால் கேட்டதே அவர் வாயில் வந்தது: "ஆனா சார், ஒரு இழை போனதுக்குத் துணியக் கிழிச்சுப் போடுன்னு நீங்க ஒருநாளும் சொன்னதில்லியே. அவுத்துட்டுத் திரும்ப நெய்னுதானே சொல்லுவீங்க?"

தாங்கள் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு தனசேகரனிடம் சொன்னீர்களாம்: "வண்டி எனக்குத்தாம்பா. தை பொறந்ததும் சூரத்து. அதுவரிக்கும் தினமும் இந்த மணல்தான்."

அங்கிருந்து நேராகச் சங்கத்துக்கு வந்த முனிசாமி கிடங்கு வாசலில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "நானே என் வாயால அனுப்பிட்டேனே" என்றார். இரண்டு பேர் தூக்கும் மூட்டையை ஒரு கையால் தூக்கும் ஆள், அன்று மாலைவரை ஒரு மூட்டையையும் தொடவில்லை.  எங்கள் எல்லோருக்கும் அதே அச்சம்தான்.

ஆக, முடிவு தங்களுடையது. அது முடிந்துவிட்டது. தடுப்பதற்கு இனி வழியில்லை. தங்களைக் குறைசொல்லவும் எங்களுக்கு வாய் இல்லை. இந்தக் கடைசிப் பத்திகளை இன்று காலைதான் எழுதுகிறோம். நூறாண்டு வாழ்க என்று மொத்தமாய் வாழ்த்த எங்களுக்குத் துணிவு வரவில்லை, பெரியவரே. அவ்வளவு நீளத்துக்கு எங்கள் நெஞ்சு தாங்காது. ஆகவே தாங்கக்கூடிய அளவுக்குத் துண்டு துண்டாக வாழ்த்துகிறோம். ஏற்றருள வேண்டும்.

தை வரை மணலில் விழாமல் வாழ்க! தை பிறந்து புறப்படும் நாளில் தாமல் வரை வாழ்க! தாமலில் இறங்கி ஒரு வாய் தண்ணீர் குடித்து ஓச்சேரி வரை வாழ்க! ஓச்சேரி தாண்டி வாலாஜா வரை வாழ்க! பாலாற்றுப் பாலத்தில் காற்று பலமாய் அடிக்கும், மெல்லப் போய் வேலூர் வரை வாழ்க! ஆம்பூரில் லாரிகள் அதிகம், அங்கே அதிகமாய் வாழ்க! வாணியம்பாடி வரை வாழ்க! கிருஷ்ணகிரி மேட்டில் வண்டியும் தாங்களும் மூச்சு வாங்கி, ஓசூர் வரை வாழ்க! பட்டுநூல் வரும் பெங்களூர் வரை பத்திரமாய் வாழ்க!

அதற்கு அப்பால் வரும் ஊர்களின் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. ஒவ்வோர் ஊர் போய்ச் சேர்ந்ததும், அடுத்த ஊரின் பெயரை ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். அந்த ஊர் வரைக்கும் இங்கிருந்து வாழ்த்தி அனுப்புகிறோம்.

இங்ஙனம்,
அச்சம் தீராத, அன்பு குறையாத
சங்கப் பணியாளர்கள்

லில்லி, தட்டச்சர்
பழனி, சாயப்பட்டறை
சபாபதி, பாவுப் பிரிவு
முனிசாமி, கிடங்கு (கைநாட்டு)