ஆயிரத்து நூறு அடி

...இல்லீங்ணா, இன்னிக்கு வர முடியாது. கருமத்தம்பட்டில இருந்து வண்டிய முறுக்கிட்டு வந்திருக்கீங்க, புரியுது. ஆனா உங்க தோட்டத்துல போர் போட பாயிண்ட் பாக்கறதுக்கு முன்னால எங்க ஊட்டுக்குப் பதினாறு கொடம் தண்ணி தூக்கோணும். எங்க போர்ல மூணு நாளா வெறுங்காத்துதான். மோட்டரைப் போட்டா புஸ்ஸுங்குது.

என்ன, பிளஸ் ஒன்னுல நின்னவளுக்கு எப்படித் தண்ணி பாக்கத் தெரியும்னா? ரத்தம் ஓ பாசிட்டிவ்ங்ணா. அது போதும்னு ஊரே சொல்லுது. உள்ளங்கையில தேங்காயப் படுக்க வெச்சு, செருப்பில்லாம நடக்கோணும். கீழ தண்ணி இருந்தா தேங்கா எந்திரிச்சு நிக்குமாம். நானா சொன்னேன்? அவங்களா சொல்றாங்க.

பக்கத்துத் தோட்டத்துத் திருமூர்த்தி மாமா அப்படித்தான் கூட்டிட்டுப் போனாரு. நான் காட்டுன எடத்துல போர் வண்டி நின்னுச்சு. இருவதடி செம்மண்ணு, அப்புறம் பூராம் பாறை. அதுக்கு இருநூத்தம்பது கோடி வருசம் வயசுன்னு எங்க சயின்ஸ் மிஸ்ஸு சொல்லுவாங்க. அத்தனை வருசம் சும்மா கெடந்தத ஒரே பகல்ல மாவாக்கிப்போட்டானுங்க. அந்த மாவும் எங்கம்மா காயப்போட்ட துணி மேல. மாமா நிறுத்துனாரா? இன்னொரு ராடு எறக்கு, இன்னொரு ராடு எறக்குன்னு... ஆயிரத்து நூறடில பொத்துக்கிட்டு வந்துச்சு. எனக்கு மாலை வேற போட்டாங்க. எந்தக் காலத்து மழையோ, பாறை இடுக்குல ஒளிஞ்சு கெடந்துச்சு. அதுல அவரு மொதல்ல காரைக் கழுவுனாருங்ணா.

ஒரே வாரத்துல எங்க போரு நின்னுபோச்சு. அறுபதடி தள்ளித்தான் இருக்குது, அறநூறடி ஆழம். இருந்ததெல்லாம் அங்க எறங்கிருச்சு. அம்மா மாமனைத் திட்டுது, வண்டிக்காரனைத் திட்டுது. என்னைய மட்டும் திட்டல. "எம்புள்ள லோகப்பிரியா என்ன பண்ணுவா, தண்ணி எங்க இருக்குதோ அங்கதான காட்டுவா"ங்குது. கொடத்த மட்டும் எங்கையில குடுத்திருச்சு.

நெசத்தச் சொல்லட்டுங்களா? மாமனுக்குப் பாயிண்ட் பாத்த அன்னிக்கு மத்தியானம் ஒரு மணி. தரை தோசைக்கல்லாட்டம் சுட்டுச்சு. கால் தாங்காம எங்க வேலியோரத்து வேப்பமர நெழலுக்கு ஓடுனேன். ஓடுன ஓட்டத்துல தேங்கா குலுங்கி எந்திரிச்சு நின்னுருச்சு. மாமா இங்கதான்னு சுண்ணாம்பு போட்டுட்டாரு. நானும் வாயத் தொறக்கல. நெழல் நல்லா இருந்துச்சு.

என்னங்ணா, இத்தனை கேட்டும் எத்தனை மணிக்கு வாரேன்னு கேக்கறீங்க? எப்படியோ தண்ணி வந்துச்சுல்லங்கிறீங்க... அதுவுஞ் சரிதான். நாளைக்குக் காலைல, வெயிலேறறதுக்குள்ள வாரேன்.

ஏனுங்ணா, உங்க பக்கத்துத் தோட்டம் யாருதுங்க?