வெள்ளிக்கிழமையில் விழுந்த மே தினம்

கல்முனையிலிருந்து நிந்தவூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் துணிக்கடையில் வேலை செய்யும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒட்டுக்கேட்பது சரியில்லைதான். ஆனால் மடியில் பிள்ளை தூங்கும்போது எங்கே எழும்பிப் போவது?

“மே தினத்தக் கொண்டு வந்த ஆக்கள் நம்மள நினைச்சே பாக்கல்ல ராத்தா,” என்றாள் இளையவள் மூத்தவளிடம்.

“அமெரிக்காவுல எட்டு மணித்தியால வேலை கேட்டுப் போராடினவங்க புள்ள. சிலரத் தூக்குலயே போட்டாங்க.”

“பாவம்தான். ஆனா இந்த வருஷம் வெள்ளிக்கிழமையில வருகுதே. வெள்ளி நம்மட கடை எப்பவும் பூட்டுத்தானே, ஒரு லீவு வீணாப் போச்சு. சனிக்கிழமை மகள்ட பாலர் பாடசாலையில ஓட்டப்போட்டி. போன வருஷமும் நான் போகல்ல.”

“அந்த அமெரிக்கா ஆக்கள் கேட்டதாலதானே எட்டு மணித்தியாலம் கெடச்சிச்சு. நீயும் முதலாளிக்கிட்டக் கேளு.”

அவள் போன் எடுத்துக் கேட்டாள். இரண்டு மூன்று தரம் “ஓம் முதலாளி” என்றுவிட்டு, போனை வைத்து முழித்தாள்.

“சனிக்கிழமை லீவு தாறாராம். அவர்ட பேத்தியும் அதே ஓட்டத்துலதான் ஓடுறாவாம். என்ட மகள் முந்தக் கூடாதாம்.”

“மகளுக்கிட்ட இதச் சொல்லிராத,” என்றாள் மூத்தவள். “ஓடட்டும்.”