திரை காட்டிய பூஜ்யம்

— பூஜ்யம்தான் காட்டுச்சு தம்பி. எத்தன தடவ கேட்டாலும் அதான் பதிலு. பழம் அவிக்கிற டாங்கியில அழுத்தம் பூஜ்யம், பச்ச விளக்கு. நான் கன்ட்ரோல் ரூம் கண்ணாடி வழியா கையக் காட்டினேன், புவனேஷ் கதவத் திறந்தான். ஆவி மூஞ்சியிலயே அடிச்சுது. அப்புறம் அவன வெள்ளத் துணியில சுத்தித்தான் கொண்டு போனாங்க.

— நம்புறேன், ரங்கசாமி அண்ணே. அதச் சொல்லத்தான் தெங்கேராலேருந்து இந்த மழையில ரெம்பியா வரைக்கும் வந்தேன்.

— நீ நம்பி என்னா லா ஆவப்போவுது, திவாகர்? நாளைக்கு விசாரணை. திரையப் பாக்காம கையக் காட்டிட்டேன்னு மேனேஜர் எழுதிக் குடுத்துட்டாரு. இத்தன வருஷம் செம்பனை ஆலையில பழம் அவிச்சவன், இப்ப கொலகாரன். புவனேஷ் பொண்டாட்டி மலர்க்கொடி இருக்குதே, பசார்ல என்னப் பாத்ததும் எச்சி துப்பிட்டுப் போவுது.

— நீங்க பாத்தீங்கண்ணே. திரைதான் பொய் சொல்லுச்சு. அந்தத் திரைய எழுதினவன் நான்.

— என்னா சொல்ற?

— டாங்கியில ஒரு சென்சார் இருக்குல்ல, அதப் படிக்கிறதுக்குன்னு ஒரு சின்ன புரோகிராம், சென்சார் வித்தவன் குடுத்தது. உங்க திரை என்னோட புரோகிராம். அது நேரா சென்சாரப் படிக்காது. அதுக்குள்ள ஒரு ஃபங்ஷன் எழுதி வச்சிருக்கேன். அது அந்தச் சின்ன புரோகிராம ஓட விட்டு, பதில் வாங்கியாந்து திரைக்குக் குடுக்கும். போயி பாத்துட்டு வாடான்னு ஆள் அனுப்புற மாதிரி.

— சரி, ஆள் போனான். அப்புறம்?

— சில நேரம் போன ஆள் வழியிலயே மயங்கி விழுந்துருவான். மொதல்ல எழுதினப்ப, அவன் வர்ற வரைக்கும் என் ஃபங்ஷன் காத்துக்கிட்டே நிக்கும். அதான் உங்க திரை அப்படியே உறைஞ்சு போவும்.

— ஏன் ஞாபகம் இல்ல? மவுஸு கூட நவுராது. புவனேஷ் சிரிப்பான். "அங்கிள், ஒங்க டிவி செத்துருச்சு"ம்பான். ஸ்பேனர எடுத்துக்கிட்டு டாங்கிகிட்ட நடந்து போயி, கதவோரத்துல இருக்கிற முள்ளு மீட்டர ரெண்டு தட்டு தட்டி, முள்ளு எங்க நிக்குதுன்னு கத்துவான். அந்தக் கத்தலக் கேட்டப்புறந்தான் கதவு.

— நீங்க கம்ப்ளெய்ன் பண்ணீங்க.

— பண்ணேன். வேல நிக்குது, வேல வாங்குற மண்டோர் ஏசுறாரு, நான் என்னா பண்றது?

— அதனால மாத்தினேன். கொஞ்ச நேரம் பாரு, வரலைன்னா அவன அங்கேயே விட்டுட்டுத் திரும்பி வந்துருன்னு எழுதினேன். திரை உறையறது நின்னுச்சு. ஆனா போன ஆள் என்ன ஆனான்னு நான் கேக்கலண்ணே. வேலைய முடிச்சானா, பாதியில செத்தானான்னு கேட்டிருக்கணும். வெறுங்கையோட வந்தா பதிலும் வெறும் பதில். அத எண்ணா மாத்தினா பூஜ்யம்.

— பூஜ்யம்னா பச்ச.

— ஆமா.

— கோளாறு சரியானப்புறம் ஒருத்தரும் டாங்கிகிட்ட நடந்து போவல லா. இனிமே நடக்கிறது வீண் வேலன்னு மண்டோரே சொல்லிட்டாரு.

— சாரிண்ணே.

— சாரிய வச்சு நான் என்னா பண்ண? நாளைக்கு வந்து இதச் சொல்லுவியா?

— வாயத் திறந்தா வேல போயிரும்னு பாஸ் சொல்லிட்டாரு. பரவால்ல, வருவேன். ஆனா என் வாய் மட்டும் போதாது. அன்னிக்குப் பதிலே வரலைங்கிறதுக்கு ஒரே சாட்சி, அந்தக் கம்ப்யூட்டர் மெமரியில கிடக்கு. புரோகிராம் ஓடுற வரைக்கும் இருக்கும், மூடினா அழிஞ்சிரும். அதான் விசாரணை அதிகாரி அத மூடக்கூடாதுன்னு உத்தரவு போட்டிருக்காரு. நாளைக்கு அவர் முன்னால திறந்து காட்டினா, உங்க மேல குத்தம் இல்லன்னு ஆயிரும்.

— மலர்க்கொடியும் பாக்குமா?

— அவங்களும்தான் வர்றாங்க.

— அது போதும். அது ஒன்னு போதும் எனக்கு.

— அண்ணே, அது என்ன சத்தம்? உஸ்ஸுன்னு?

— பக்கத்துல இருக்கிற நம்ம ஆலைதான். பழம் அவிஞ்சிருச்சு, ஆவிய வெளிய விடுறாங்க. உள்ள இருக்கிறவனுக்கு மெஷின் இரைச்சல்ல இது கேக்காது.

— ஆலைய மூடிட்டாங்கன்னுல்ல எங்ககிட்ட சொன்னாங்க?

— மொத டாங்கிக்குத்தான் சீலு. ரெண்டாவது நேத்துலேருந்து ஓடுது.

— ரெண்டுக்கும் அதே ஃபங்ஷன்தாண்ணே! கதவுகிட்ட யாரு நிக்கிறது?

— என் மவன் கிஷன்.

— உங்க மவனா?

— எனக்குச் சம்பளம் நின்னு போச்சு. புவனேஷ் எடத்துக்கு ஆள் கேட்டாங்க. போவாதடான்னேன். வீட்டுல அரிசி இருக்காப்பான்னு கேட்டுட்டுப் போயிட்டான்.

— போன் போடுங்க அவனுக்கு!

— போன லாக்கர்ல வச்சிட்டுத்தான் உள்ள போவணும். கன்ட்ரோல் ரூம்ல என் நம்பர எடுக்கக்கூடாதுன்னு உத்தரவு.

— நான் அடிக்கிறேன். ரிங் போவுது... எடுக்கல. இருங்க, லேப்டாப்லேருந்து அந்தத் திரையப் பாக்கலாம். வந்துருச்சு. ரெண்டாவது டாங்கி...

— என்னா காட்டுது?

— பூஜ்யம். பச்ச.

— ஆவி இன்னும் போய்க்கிட்டே இருக்கே! ஒனக்கும் கேக்குதுல்ல? எப்படிப் பூஜ்யமாவும்? இங்கேருந்து கதவப் பூட்டு!

— என்னால கதவத் தொட முடியாதுண்ணே. புரோகிராம மூடத்தான் முடியும். மூடினா சாட்சி போச்சு. விசாரணைக்கு முந்தின நாள் நீங்களும் நானும் சேந்து அழிச்சோம்பாங்க.

— மூடு.

— ஒரு காப்பி மட்டும் எடுத்துக்கிறேன், கொஞ்சம் பொறுங்க...

— மலர்க்கொடி துப்பினா துப்பிட்டுப் போவட்டும் லா! மூடுடா!

— மூடிட்டேன்.

— இப்ப அங்க என்னா தெரியும்?

— ஒன்னும் தெரியாதுண்ணே. கறுப்பா இருக்கும்.

— என் போன் அடிக்குது. கன்ட்ரோல் ரூம் நம்பரு. அலோ?

— அப்பா, கிஷன் பேசுறேன். திரை செத்துப் போச்சுப்பா. இங்க யாருக்கும் தெரியல. எப்படித் திரும்பப் போடுறதுன்னு உங்களக் கேக்கச் சொல்றாரு மண்டோர். கதவுகிட்டேருந்து என்னக் கூப்பிட்டாங்க, நான் திரும்பிப் போயிக் கதவத் திறக்கணுமாம், சீக்கிரம் சொல்லுங்க.

— போடாதடா. ஸ்பேனர எடுத்துக்கிட்டு நடந்து போ. முள்ளு எங்க நிக்குதுன்னு இங்க எனக்குக் கேக்குற மாதிரி கத்து.