விடுப்புக்கும் ஆள் வைத்த தரகரம்மா

மேடையில் வீற்றிருக்கும் சுகாதாரத் துறைச் செயலர் அவர்களே! முன்வரிசையில் கைகட்டி அமர்ந்து, இவன் என்னைப் பற்றி என்ன சொல்லப்போகிறானோ என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் ஓய்வுபெற்ற நிதித்துறை அதிகாரி அவர்களே! அம்மையாரின் கணவர், மூக்குக்கண்ணாடிக் கடை அண்ணன் அவர்களே! அவர்களின் அருமை மகளே! மருத்துவர்களே, செவிலியர்களே, கதிர்வீச்சுப் பிரிவுத் தோழர்களே! உங்கள் அனைவரின் துயரத்துக்கும் தலைவணங்கிப் பேசத் தொடங்குகிறேன்.

நான் மேடைப் பேச்சாளன் அல்ல. புற்றுநோய் மருத்துவன். கெட்ட செய்தியை மெல்லிய குரலில் சொல்லிப் பழகியவன். ஆனால் இன்று உரக்கச் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை என்னிடம் இருக்கிறது. இரங்கல் கூட்டத்தில் யாரும் சொல்லத் துணியாத வார்த்தை. அதனால் அண்ணனிடம் முன்பே அனுமதி கேட்டேன். "தாராளமா சொல்லுங்க டாக்டர். அவ இருந்தா அதைத்தான் கேட்க ஆசைப்படுவா" என்றார். ஆகவே சொல்கிறேன். எனக்கு நிம்மதியாக இருக்கிறது!

அழுகை இல்லையா? இருக்கிறது. நேற்று அழுதேன், இன்று காலை குளிக்கும்போதும் அழுதேன். ஆனாலும் நிம்மதியாக இருக்கிறது. ஏன் என்று சொல்லாமல் இறங்கினால் என்னைச் சும்மா விடமாட்டீர்கள்.

புற்றுநோய் மருத்துவர் பணித் திட்டப் பிரிவு என்று ஒன்று நம் துறையில் இருப்பதே பலருக்குத் தெரியாது. எந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை புற்றுநோய் மருத்துவர்கள் வேண்டும்? இன்று யாரைப் படிக்கவைத்தால் அவர் எப்போது வார்டுக்கு வருவார்? யார் ஓய்வு பெறுவார், யார் பிள்ளைப்பேற்றுக்குப் போவார், யார் வெளிநாட்டுக்கு விமானம் ஏறுவார்? இதையெல்லாம் மற்றவர்களுக்கு முன்பே யோசித்து வைப்பது அந்தப் பிரிவின் வேலை. அதன் இயக்குநர், தாமும் ஒரு புற்றுநோய் மருத்துவரான நம் அம்மையார். மாடிப்படிக்குக் கீழே, ஜன்னல் இல்லாத ஒரு அறையில் அந்தப் பிரிவை நடத்தினார். காற்று வாங்க வேண்டுமானால் கதவைத் திறக்க வேண்டும். கதவைத் திறந்தால் கழிப்பறை வாசனை வரும். அங்கே உட்கார்ந்துதான் நம் எல்லோருடைய தலைவிதியையும் மாற்றினார்!

அவருக்கு அலுவலகம் வைத்த பெயர் தரகரம்மா. பெயர் வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். காரணம் என்ன தெரியுமா? தொலைதூர ஆஸ்பத்திரிக்கு இளம் மருத்துவர்களைத் தேர்வு செய்யும்போது மற்றவர்கள் மருந்தைப் பற்றிக் கேட்பார்கள். இவர் மட்டும், "உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார்? அந்த ஊர்ல அவருக்கு வேலை பார்த்துட்டோமா? குழந்தைக்கு ஸ்கூல் எவ்வளவு தூரம்?" என்று கேட்பார். வரன் பார்க்கும் தரகர் தோற்றுவிடுவார்! ஒரு மருத்துவரின் கணவருக்கு வேலை தேடி, துறைமுகத்தின் மேலாளரை நச்சரித்து நச்சரித்து, கடைசியில் அந்த மனிதர் இவர் குரலைக் கேட்டாலே, "மேடம், குடுத்துட்டேன், குடுத்துட்டேன்" என்று சொல்லும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார். அந்த மருத்துவர் இன்றும் துறைமுக ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். பிள்ளைக்கு அங்கேயே பல் முளைத்து, அங்கேயே விழவும் தொடங்கிவிட்டது.

இனி என் கதைக்கு வருகிறேன். மலையடிவார ஆஸ்பத்திரி, துறைமுக ஆஸ்பத்திரி, ஆலை நகர ஆஸ்பத்திரி ஆகிய மூன்றிலும் முன்பு புற்றுநோய் மருத்துவர் உண்டு. மூவரும் நான்தான்! வாரத்தில் இரண்டு நாள் இங்கே, இரண்டு நாள் அங்கே, மீதி இன்னோர் இடத்தில். காரின் பின் சீட்டில் சோப்பு, துண்டு, மாற்றுச் சட்டை. என் மனைவி ஒருமுறை காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அரிசியும் அடுப்பும் மட்டும்தான் பாக்கி. அதையும் வச்சிட்டா நான் வேற குடித்தனம் பார்த்துக்குவேன்" என்றாள். ஊர் என்னைப் பாராட்டியது. பதக்கம் கொடுத்தது. நானும் வாங்கிக்கொண்டு அடுத்த ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

பாராட்டாதவர் ஒரே ஒருவர், நம் அம்மையார். துறைமுக ஆஸ்பத்திரியில், என் அறைக்கு வெளியே நோயாளிகளோடு நோயாளியாக பெஞ்சில் காத்திருந்து உள்ளே வந்தார்.

"டாக்டர், உங்களால எனக்குப் பெரிய தொந்தரவு."

"என்னங்க மேடம் இப்படிச் சொல்றீங்க?"

"நீங்க ஓடிட்டே இருக்கிற வரைக்கும் ஆள் இல்லைன்னு யாருக்கும் தெரியாது. பள்ளத்து மேல பாயை விரிச்சு மூடின மாதிரி இருக்கீங்க. பாய் கிழியுறப்போ நோயாளிங்கதான் உள்ள விழுவாங்க. ஒரு வாரம் லீவு போடுங்க."

எனக்கு வந்ததே கோபம்! "என் நோயாளிகளை என்ன பண்றது? உங்க ஆபீஸ்ல வந்து படுக்கச் சொல்லவா?" என்று கத்தினேன்.

"கத்தி முடிச்சிட்டீங்களா? அந்த வாரம் யார் யாருக்கு என்ன சிகிச்சைன்னு சொல்லுங்க. தலைநகர் ஆஸ்பத்திரியில இடம் பேசிட்டேன். வண்டியும் பேசிட்டேன். ஒருத்தருக்கும் ஒரு வேளை மருந்து தவறாது."

தவறவில்லை. வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி, "அவங்க மனசு மாறுறதுக்குள்ள கிளம்புங்க" என்று பெட்டியை எடுத்தாள். கடலோரம் ஒரு விடுதியில் முதல் மூன்று நாளும் நான் தூங்கிய தூக்கத்தைப் பார்த்து, உயிர் இருக்கிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்ததாக இன்றைக்கும் சொல்கிறாள்.

அந்த வாரம்தான் ஆய்வுக் கூட்டம். புற்றுநோய் மருத்துவப் படிப்புக்கான பயிற்சி இடங்களைக் குறைத்துவிடலாமா என்பதே பேச்சு. நம் நிதித்துறை ஐயாவின் பக்கம் நியாயம் இருந்ததா? காகிதத்தில் இருந்தது! மூன்று ஆஸ்பத்திரிகளிலும் பணியிடம் நிரம்பியிருக்கிறது, பிறகு எதற்குப் புதிதாகப் படிக்கவைப்பது என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து மூன்று ஆஸ்பத்திரிகளிலிருந்தும் தகவல் வருகிறது, எங்கள் மருத்துவர் விடுப்பில் இருக்கிறார் என்று. ஐயாவுக்குச் சுர்ரென்று ஏறியது. அங்கே இருந்த, அம்மையாரின் துணை இயக்குநர் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"ஒரே வாரத்துல மூணு டாக்டருக்கும் லீவு குடுத்த புத்திசாலி யாரு?" என்று கேட்டாராம் ஐயா.

"நான்தான் சார்" என்றாராம் தரகரம்மா. "ஆனா ஒருத்தருக்குத்தான் சார் குடுத்தேன்."

"மூணு பேர் போயிருக்காங்களே?"

"மூணு பேரும் ஒரே ஆள் சார். நீங்க நாற்காலியை எண்ணியிருக்கீங்க. நான் மனுஷனை எண்ணச் சொல்றேன்."

ஐயா கோப்பை மூடிவிட்டுக் கேட்டாராம், "அந்த ஆளு இன்னும் உயிரோட இருக்காரா?" ஐயா, இருக்கிறேன்! இதோ ஒலிபெருக்கிக்கு முன்னால் நிற்கிறேன்! சிரிக்கிறீர்கள், மகிழ்ச்சி. தவறு என்று தெரிந்த அதே நாளில் பயிற்சி இடங்களைக் கூட்டிக் கொடுத்தவரும் நீங்கள்தான். அதையும் சபையறியச் சொல்வது என் கடமை.

அன்றோடு எல்லாம் முடிந்ததா? எங்கே முடிந்தது! ஒரு புற்றுநோய் மருத்துவரை உருவாக்குவது மாடி கட்டும் வேலையா, மேஸ்திரியை விரட்டி விரைவாக முடிக்க? ஆண்டுகள் பிடிக்கும். ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் கத்தரியோடு வருவார். ஒவ்வோர் ஆண்டும் அம்மையார் குறுக்கே நிற்பார். நானோ ஓய்வு வயதை நெருங்கிக்கொண்டிருந்தேன். பயிற்சியில் சேர்ந்த பிள்ளைகள் படித்து வருவதற்குள் நான் ஓய்வில் போய்விட்டால் மலையடிவார வார்டைப் பூட்டிவிடுவார்களே! அந்தப் பயம் சாப்பிடும்போதும் என்னோடு உட்கார்ந்திருந்தது. "ஒரு ஆஸ்பத்திரிக்கு ஒருத்தர் வந்தா போதும் மேடம், நான் கும்பிட்டுட்டுப் போயிடுவேன்" என்று ஒருநாள் கெஞ்சினேன்.

"ஒருத்தர் போட்டா அவர் டாக்டர் இல்ல, கைதி. ரெண்டு பேராத்தான் போடுவேன்" என்றார்.

அதற்குள் அவருடைய சிறுநீரகங்கள் கைவிட்டன. ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடந்தபோதும் அவர் என்ன செய்தார்? வைத்தியம் பார்த்த சிறுநீரக மருத்துவரைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீங்க கடைசியா எப்ப லீவு எடுத்தீங்க? நீங்க போனா இங்க யாரு?" அந்தத் தம்பி ஊசியைத் தேடினாராம். "இவங்களுக்கும் ஒரு வழி பண்ணணுங்க" என்று அண்ணனிடம் சொன்னாராம். படுக்கையிலிருந்து எழ முடியாதவர் பேசுகிற பேச்சா இது!

மற்ற இரண்டு ஆஸ்பத்திரிகளும் நிரம்பிய பிறகு, சென்ற மாதம் கடைசியாக மலையடிவாரத்துக்கும் பணி ஆணைகள் போயின. ஆணை போனால் போதுமா? ஆள் வர வேண்டுமே! அங்கே போக வேண்டிய மருத்துவரம்மாவைத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்று விடாமல் அழைத்துக்கொண்டிருந்தது. அவர் வந்து சேர்வாரா மாட்டாரா என்று நாங்கள் எல்லோரும் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தோம். அவர் வந்தார்! சேர்ந்தார்! துணை இயக்குநர் அனுப்பிய செய்தியை மகள்தான் தாய்க்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். அம்மையார் கண்ணை மூடிக்கொண்டு, "அப்பாடா" என்றார். அதற்குப் பிறகு இரண்டு நாள் வலியில்லாமல் தூங்கினார், தூக்கத்திலேயே போய்விட்டார். "அம்மா அந்த மாதிரி மூச்சு விட்டு நான் பார்த்ததே இல்ல மாமா" என்று மகள் என்னிடம் சொன்னாள்.

தோழர்களே, அவர் பணி நின்றுவிடுமா? நிற்காது! தமக்குப் பின் யார் என்பதையும் அவர் விட்டுவைக்கவில்லை. துணை இயக்குநர் இருக்கிறார், அவருக்குத் துணையாக இன்னொருவரும் இருக்கிறார். நாம் செய்ய வேண்டியது என்ன? எந்தக் கூட்டத்திலும், எந்த அதிகாரி முன்னிலும், நாற்காலியை எண்ணவிடாமல் மனிதனை எண்ணவைப்போம். களைத்துப்போன மருத்துவனுக்குப் பதக்கம் கொடுத்து ஏமாற்றவிட மாட்டோம். இது அம்மையாருக்கு நாம் தரும் வாக்கு.

கடைசியாக ஒன்று. இன்று வேலை நாள், இது காலை வேளை. அந்த மூன்று ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வந்திருக்கும் புற்றுநோய் மருத்துவர்கள் கொஞ்சம் கையைத் தூக்குங்கள்! பாருங்கள், எத்தனை கைகள்! சில ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு கூட்டத்துக்கு நான் ஒருவன் வந்திருந்தாலே மூன்று ஊர்களில் சிகிச்சை நின்றிருக்கும். பழக்கதோஷம், மேடை ஏறும் முன் மலையடிவார வார்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். புதிய மருத்துவரம்மா எடுத்தார். "சார், ஓ.பி. நடந்துட்டிருக்கு. கதிர்வீச்சு மெஷினும் ஓடுது. யாரையும் திருப்பி அனுப்பல. நீங்க நல்லா அழுதுட்டு மெதுவா வாங்க" என்றார்.

ஆகவே நான் கீழே இறங்கி, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, கூட்டம் முடியும்வரை இருக்கப்போகிறேன்.